பழைய கிராணி வீட்டுத் தோட்டம்: சுங்கை சிப்புட்டில் பெயர் தெரியாத செடிகளை இனங்கண்டு பராமரித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள சுங்கை சிப்புட், தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். 1877ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று முதிர்ந்த மரமாக இன்றும் அங்கே நிற்கிறது. அதன் பின் வந்த தலைமுறைகளில் இந்த வட்டாரம் முழுவதும் ரப்பர் காடாகி, பிறகு அதில் பெரும்பகுதி செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, மாறியது. அவ்வாறு மாறிய ஒரு தோட்டத்தின் எல்லையை ஒட்டி, முன்பு பெரிய கிராணி (தோட்டத்தின் தலைமை எழுத்தர்) குடியிருந்த வீடும் அதைச் சுற்றிய கால் ஏக்கர் நிலமும் அண்மையில் கைமாறின. வாங்கியவர்கள் ஈப்போவில் வேலை பார்க்கும் ஓர் இளம் தம்பதியர். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் மனைவியின் தாயாரும் அவர்களுடன் குடியேறினர்.

வீடு சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததால், நிலத்தில் நட்டது எது, தானாக முளைத்தது எது என்று பிரித்தறிய முடியாத நிலை இருந்தது. ஒரு குத்தகைக்காரர் வந்து பார்த்து, பழமரம் என்று தெளிவாகத் தெரிகிற இரண்டொன்றை விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் இயந்திரத்தால் வழித்துத் தருவதாக விலை சொல்லியிருந்தார். மனைவியின் தாயாரான அம்மையாருக்கு அதில் சம்மதமில்லை. "யாரோ பாத்துப் பாத்து வச்ச செடிங்க ஐயா, என்னன்னு தெரியாமலே எப்படி வெட்டச் சொல்றது?" என்று அவர் கேட்டதன் பேரில்தான் நான் அங்கே போக நேர்ந்தது. தோட்ட நாற்றங்காலில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பழக்கம் எனக்கு உண்டு.

அம்மையாரின் கேள்வி சரியான கேள்வி. புதிதாகக் கைக்கு வந்த தோட்டத்தில் பராமரிப்பு என்பது இனங்காணலுக்குப் பிறகு வருவது. நீர் ஊற்றுவதா நிறுத்துவதா, கிளை கழிப்பதா விடுவதா, பிள்ளைகள் தொடலாமா கூடாதா என்ற ஒவ்வொரு முடிவும் அந்தச் செடி எது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே ஒரு மழைப் பருவமும் ஒரு வறட்சிக் காலமும் கடக்கும்வரை எதையும் வேரோடு எடுப்பதில்லை, இனம் உறுதியாகாத எதையும் யாரும் வாயில் வைப்பதில்லை என்ற இரண்டு நிபந்தனைகளைக் குடும்பத்தார் ஏற்றுக்கொண்ட பின்னரே வேலை தொடங்கியது.

கையாண்ட முறை

நிலத்தைக் கயிறு கட்டிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு துண்டு அலுமினியத் தகட்டில் எண் பொறித்துக் கட்டினோம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, இலை எதிரெதிராக அமைந்ததா மாறி மாறி அமைந்ததா, தனியிலையா கூட்டிலையா, கிள்ளினால் பால் வடிகிறதா, கசக்கினால் என்ன வாசம், முள் எங்கிருந்து கிளம்புகிறது, பூ நுனியிலா தண்டிலா என்பவற்றை எழுதினோம். பிள்ளைகள் இருவரும் ஆர்வத்துடன் எழுதினார்கள். பால் வடியும் செடிகளைத் தொடும்போது மட்டும் பெரியவர்கள் கையுறை அணிந்து அந்த வேலையைச் செய்தார்கள்.

கைப்பேசிச் செயலியையும் பயன்படுத்தினோம். அது முதல் குறிப்பைத் தரும் ஒரு கருவி; அதற்கு மேல் அதை நம்புவதற்கில்லை. ஒரே மரத்தின் இலையை மேலிருந்து எடுத்த படத்துக்கு ஒரு பெயரும் காயோடு சேர்த்து எடுத்த படத்துக்கு வேறு பெயரும் வந்ததை இந்தத் தோட்டத்திலேயே பலமுறை கண்டோம். படத்தில் வாசம் இல்லை, பால் இல்லை, தொட்டால் தெரியும் சுணையும் இல்லை. ஒன்றையொன்று சாராத மூன்று அடையாளங்களாவது ஒத்துப்போனால்தான் பெயரை உறுதியாக எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். அதுவரை அந்தப் பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதியிருந்தோம்.

இன்னொரு சான்று மனிதர்களிடம் இருந்தது. பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருந்து, பால்மரம் சீவியும் பின்னர் செம்பனையில் மருந்தடித்தும் ஓய்வு பெற்ற ஒரு பாட்டி இப்போது பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகனோடு இருக்கிறார். கிராணியின் மனைவிக்கு அவர் தோட்ட வேலையில் கைகொடுத்தவர். அவரை அழைத்துவந்து நிலத்தைச் சுற்றிக் காட்டியது, நாங்கள் பார்த்த எந்தப் படத்தைவிடவும் பயன்பட்டது. எது நட்டது, எங்கிருந்து வந்தது, எதற்காக வைத்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே ஆளிடம் விடை கிடைப்பது அரிது. இப்படிப்பட்டவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மூன்று சிற்றிலைகள் கொண்ட நான்கு செடிகள்

இந்த ஆய்வில் அதிக நேரம் பிடித்ததும் அதிகம் கற்றுத் தந்ததும் வீட்டின் பின்புறம். அங்கே ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகளாகப் பிரியும் செடிகள் நெருக்கமாக வளர்ந்திருந்தன. தொலைவிலிருந்து பார்த்தவர்கள் அனைத்தையும் ஒரே களை என்று எண்ணியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தபோது அவை நான்கு வெவ்வேறு இனங்களாகப் பிரிந்தன.

முதலாவது, முழங்கால் உயரக் கன்றுகள். இலைக்காம்பு நீளமாக இருந்தது. மூன்று சிற்றிலைகளும் ஒரே புள்ளியில் சேரும் இடத்தில் மிகச் சிறிய தேன்சுரப்பிகள் புடைத்திருந்தன. காம்பைக் கிள்ளியதும் வெள்ளைப் பால் துளிர்த்தது. இது ரப்பர். எல்லைக்கு அப்பால் ஓரிரு பழைய மரங்கள் எஞ்சியிருக்கின்றன. முற்றிய காய் வெயிலில் வெடித்து விதையைத் தூர எறியும் என்பதால், யாரும் நடாமலே கன்றுகள் இங்கே முளைத்திருந்தன. புள்ளிபோட்ட வழவழப்பான அந்த விதைகளைப் பிள்ளைகள் விளையாடப் பொறுக்குவது வழக்கம். பச்சை விதையில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லி வைத்தோம். கன்றுகளைப் பிடுங்குவதில் தயக்கம் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, செம்பனைக் காட்டிலிருந்து வேலியைத் தாண்டி வந்த கொடி. அகன்ற சிற்றிலைகள், கயிறு போன்ற தண்டு, மண்ணில் படும் ஒவ்வொரு கணுவிலும் வேர். தோட்டங்களில் மண் அரிப்பைத் தடுக்கவும் தழைச்சத்தை நிலைநிறுத்தவும் பயிரிடும் முகுனா பிராக்டியாட்டா என்ற மூடுபயிர் இது. செம்பனைக்கு அடியில் இது மிக நல்ல செடி. வீட்டுத் தோட்டத்தில் ஒரு பருவத்தில் ஒரு மரத்தையே போர்த்தி ஒளியை மறைத்துவிடும். நம் தாழ்நிலத்தில் இது பெரும்பாலும் விதை கட்டுவதில்லை, தண்டால்தான் பரவுகிறது. ஆகவே வேலியோரத்தில் கொடியைத் துண்டித்து, உள்ளே வந்த தண்டின் கணுவேர்களை ஒவ்வொன்றாகச் சங்குல் மண்வெட்டியால் கிளறி எடுத்து, வேலியை ஒட்டி ஒரு முழ அகலத்தைத் தொடர்ந்து வெறுமையாக வைத்திருந்தாலே போதுமானது. களைக்கொல்லி தேவைப்படவில்லை.

மூன்றாவதும் நான்காவதும் முள் உள்ளவை. இவற்றைத்தான் குத்தகைக்காரர் முதலில் வெட்டுவதாக இருந்தார். ஒன்றில் சிற்றிலைகள் அகன்று, கிட்டத்தட்ட முக்கோணமாக, மெல்லியதாக இருந்தன. முட்கள் தண்டின் பட்டையில் கறுப்பாகச் சிதறியிருந்தன. அதன் மேல் வெற்றிலைக் கொடி ஏறியிருந்ததைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது: கொடிக்குப் பந்தலாக நட்ட கல்யாண முருங்கை. அதன் தளிர்க்காம்புகள் வீங்கிச் சுருண்டு கிடந்தன. உயிர்ச்செடியின் இலைத்தண்டுக்குள் முட்டையிட்டு வீக்கம் உண்டாக்கும், 2004ஆம் ஆண்டில் அறிவியல் பெயரிடப்பட்ட ஒரு நுண்குளவியின் வேலை அது. வீங்கிய தளிர்களை வெட்டிப் பையில் கட்டி வெயிலில் வைத்துவிட்டு, புதுத்தளிர் வரும்போதெல்லாம் கவனித்துக் கிள்ளும் பழக்கத்தை அம்மையார் மேற்கொண்டிருக்கிறார். மரம் மெல்லத் தேறி வருகிறது. இதன் அடியில் தரையோடு படர்ந்து கிடந்த, வெற்றிலை போன்ற பளபளப்பான சிறிய இலைகள் வெற்றிலை அல்ல. அது காடுக் என்று மலாய்க்காரர்கள் கறியில் சேர்க்கும் வேறு செடி. மேலேறாமல் தரையிலேயே பரவி, வெள்ளையான குட்டைக் கதிரை நிமிர்த்திப் பூக்கிறது. இரண்டும் உண்ணத்தக்கவை என்பதால் இங்கே ஆபத்து இல்லை. ஆனால் நிழலும் ஈரமும் காடுக்குக்கு எவ்வளவு இருந்தாலும் தாங்கும், வெற்றிலைக்கு வேரில் நீர் தேங்கினால் அழுகும் என்பதால் நீர் ஊற்றும் அளவை இரண்டுக்கும் பிரிக்க வேண்டியிருந்தது.

நான்காவது மரம் நான் போன சமயத்தில் இலையே இல்லாமல் நின்றது. பேராக்கில் சனவரி, பிப்ரவரி வறட்சியில் ரப்பர் இலை உதிர்ப்பதை அனைவரும் அறிவர். இதுவும் அவ்வாறே உதிர்த்திருந்தது என்பதைப் பட்டையை நகத்தால் கீறி அடியில் பச்சை இருப்பதைக் கண்டு புரிந்துகொண்டோம். தளிர் வந்ததும் அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நேரான கூர்முள் இலையின் கக்கத்திலிருந்து கிளம்பியது. நடுச் சிற்றிலைக்கு மட்டும் நீண்ட காம்பு. இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் இலை முழுவதும் நிறைந்திருந்தன. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் உள்ள அதே எண்ணெய்ச் சுரப்பிகள்தாம் அவை. கல்யாண முருங்கையின் இலையை அதே ஒளியில் பிடித்தால் ஒரு புள்ளியும் தெரியாது. பெயரை நாங்கள் எழுதும் முன்பே பாட்டி வந்து மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். "இது சிவராத்திரிக்குன்னு கிராணியம்மா வச்ச வில்வம்யா. இதுல பாராங் கத்திய மட்டும் வச்சிராதீங்க."

வில்வத்தைச் சுற்றி முளைத்திருந்த முள்கன்றுகள் விதையிலிருந்து வந்தவை அல்ல; வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்றுகள். அவற்றில் ஒன்றைத் தாய்வேரோடு துண்டித்துப் பையில் ஏற்றி, வேர் பிடித்ததும் ஊரிலுள்ள கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மரத்தில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருந்த புழுக்களைப் பார்த்து மருந்தடிக்க நினைத்தார் வீட்டுக்காரர். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுக்கள் அவை; கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வில்வத்திலும் ஒரே பூச்சிதான் வாழ்கிறது. முதிர்ந்த மரத்துக்கு அதனால் கேடு இல்லை. பையில் இருக்கும் சிறு கன்றில் மட்டும் கையால் எடுத்தால் போதும்.

மாங்காய் போன்ற காய்

முன்வாசலுக்கு வலப்புறம் நின்ற மரத்தைக் குடும்பத்தார் மாமரம் என்றே எண்ணியிருந்தார்கள். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. இலை நீளமானது, கிளை நுனியில் கொத்தாகச் சுற்றி அமைந்தது, மாவிலும் அப்படித்தான். தொங்கிய பச்சைக் காய்கள் சிறு மாங்காயின் அளவும் உருவமும் கொண்டிருந்தன. பிள்ளைகள் உப்புமிளகாய் தொட்டுத் தின்னக் காத்திருந்தார்கள்.

நான் இலையொன்றைக் கசக்கினேன். மாவிலையின் கர்ப்பூரத் தைல வாசம் வரவில்லை. காம்பை ஒடித்ததும் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மாவில் வருவது தெளிந்த பிசின் கலந்த சாறு. மூன்றாவது சான்றுக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. உயரக் கிளையில் ஐந்து வெள்ளை இதழ்களும் மஞ்சள் தொண்டையும் கொண்ட, மல்லிகை மணமுடைய பெரிய பூக்கள் இருந்தன. மாம்பூ மிகப் பொடியானது, கதிராகக் குலை தள்ளுவது. இந்த மரம் உதளை. மலாய் மொழியில் பொங் பொங். அறிவியலில் செர்பெரா ஒடோல்லம். இயல்பில் கடலோரச் சதுப்பை ஒட்டி வளர்வது. நிழலுக்காகவும் அழகுக்காகவும் மலேசியச் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் ஏராளமாக நட்டிருக்கிறார்கள். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் பருப்பில் உள்ள செர்பெரின், இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் டிகாக்சின் மருந்து செயல்படும் அதே வழியில் இதயத் தசையைத் தாக்குகிறது. அளவு மீறினால் துடிப்பு தாழ்ந்து, தாறுமாறாகி, இறப்பு நேரும்.

இங்கே என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். நச்சுள்ள செடி என்பதற்காக ஒரு தோட்டத்தின் செடிகளை எல்லாம் வெட்டுவது சரியன்று. நம் வீடுகளில் சாமிக்குப் பூப்பறிக்கும் மஞ்சளரளியும்கூட முழுவதும் நஞ்சுதான், அதைத் தெரிந்துகொண்டே வளர்க்கிறோம். அரளியைத் தின்பண்டம் என்று பிள்ளைகள் பெரும்பாலும் நினைப்பதில்லை. உதளை அப்படியன்று, உண்ணும் காயின் உருவத்தில் நஞ்சைத் தொங்கவிடுகிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டின் வாசலில் அது இருக்கக்கூடாது. மரத்தை அகற்றச் சொன்னேன், குடும்பம் ஏற்றுக்கொண்டது. பால் கண்ணிலும் தோலிலும் படாதபடி கையுறையும் கண்ணாடியும் அணிந்து வெட்டி, விழுந்த காய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கட்டி, குப்பை லோரியில் அனுப்பினார்கள். தோட்டக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இந்த மரத்தின் புகையை மூச்சில் இழுப்பதும் தகாது. அந்த இடத்தில் இப்போது ஒட்டு மாங்கன்று நிற்கிறது.

மஞ்சளரளியைப் பின்வேலிக்கு அப்புறம் ஒதுக்காமல் நின்ற இடத்திலேயே விட்டார்கள். வேலியில் படர்ந்த குன்றிமணியை மட்டும் காய்கள் வெடிக்கும் முன் எடுத்துவிட்டார்கள். கறுப்புக் கண் கொண்ட அந்தச் சிவப்பு விதை, பள்ளிக்கூடத்துச் சாகா மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கும் முழுச்சிவப்பு விதையைப் போன்றது அன்று என்பதைக் கையில் இரண்டையும் வைத்துக் காட்டினோம். சாகா விதை பெரியது, முழுவதும் ஒரே நிறம். குன்றிமணியின் ஓட்டை உடைத்தோ மென்றோ உள்ளே போனால் அதிலுள்ள அப்ரின் என்ற நஞ்சு கொடியது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் தொலைபேசி எண்ணையும் 999 என்ற அவசர எண்ணையும் அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டியாயிற்று. யாராவது எதையாவது விழுங்கிவிட்டால் செடியின் ஒரு கிளையையும் காயையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது.

ஓடையோரமும் மற்றவையும்

கழிவுநீர் ஓடையை அடைத்துக்கொண்டு நின்ற உயரமான இஞ்சி வகைத் தூறுகள் மூன்று. இவற்றில் இரண்டை இலை மட்டும் பார்த்தால் பிரிக்க இயலாது. பூவின் இடம்தான் பிரித்துக் காட்டியது. இலைத்தண்டுக்குத் தொடர்பில்லாமல், மண்ணிலிருந்தே தனிக் காம்பில் இளஞ்சிவப்பு மொட்டு எழுந்தது ஒன்று: லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் போடும் புங்கா கந்தான். இலைத்தண்டின் உச்சியிலேயே வெளிர்நிறப் பூக்கதிர் வந்தது, லெங்குவாஸ் என்று கடையில் வாங்கும் பேரரத்தை. மூன்றாவது, இலைகள் தரையிலிருந்தே கிளம்பும் மஞ்சள். தூறுகளை ஓடையிலிருந்து தள்ளிப் பிரித்து நட்டதும் மூன்றும் நன்றாகவே பிடித்துக்கொண்டன.

அதே ஓடையில் சேம்பு இரண்டு வகை இருந்தது. காம்பு இலையின் பிளவில் சேராமல் உள்ளே தள்ளிச் சேர்ந்து, நுனி கீழே தொங்கி, நீர் விட்டால் முத்தாக உருண்டது கறிச்சேம்பு. இலை வானத்தை நோக்கி நிமிர்ந்து, காம்பு பிளவிலேயே சேர்ந்தது பெருஞ்சேம்பு. அதைச் சமையலுக்கு எடுப்பதில்லை என்று முடிவானது. கறிச்சேம்பிலும் ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

வாசல் வேலி முழுவதும் காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும் வெளிர்ப் பூச்செடி இருந்தது. இதழின் அடி கருஊதா. களை என்று நினைத்த அந்தச் செடி டர்னெரா. செம்பனை இலையைத் தின்று, உலர்ந்த துணுக்குகளால் பை பின்னி அதற்குள் வாழும் பைப்புழுவை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் தர, தோட்டங்கள் பாதையோரங்களில் இதை வேண்டுமென்றே நடுகின்றன. பெரிய கிராணி அங்கிருந்து துண்டு கொண்டுவந்து நட்டதாகப் பாட்டி சொன்னார். வேலியை அப்படியே விட்டு, ஆண்டுக்கு இருமுறை உயரம் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பொருள் அறையில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த பழைய களைக்கொல்லிப் புட்டிகள் கிடந்தன. பாராகுவாட்டுக்கு மலேசியாவில் 2020 முதல் தடை உண்டு. பெயர் தெரியாத திரவத்தைத் தோட்டத்தில் பயன்படுத்துவது எவ்வகையிலும் கூடாது. புட்டிகளைத் திறக்காமல் பூட்டி வைத்து, ஒப்படைக்கும் வழியை வேளாண்மை இலாகாவில் கேட்டறிந்தார்கள். வாசலில் இருந்த அன்னாசி போன்ற அலங்காரச் செடிகளின் இலைக்குவளையில் நீர் தேங்கி, டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் குடம்பிகள் நெளிந்தன. இனம் எதுவானாலும் அந்நீரை வாரம் ஒருமுறை பீய்ச்சி வெளியேற்றுவது கட்டாயம். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு, அதைவிடக் காய்ச்சல் பெரிது.

காய்க்காத ரம்பூத்தானும் வாடிய மரவள்ளியும்

இனம் தெரிந்தாலும் புதிர் தீராத இரண்டு நேர்வுகள் இருந்தன. ரம்பூத்தான் ஆண்டுதோறும் பூத்தும் காய்த்ததில்லை என்று பாட்டி உறுதியாகச் சொன்னார். பூத்தபோது உருப்பெருக்கியில் பார்த்தோம். ஒவ்வொரு பூவிலும் மகரந்தத் தாள்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன; காய்க்கும் மரத்தின் பூவில் நடுவில் கவையாகப் பிரிந்து நிற்கும் சூலகமுடி எதிலும் இல்லை. விதையிலிருந்து வளர்ந்த ஆண்மரம் அது. எருவும் நீரும் எவ்வளவு கொடுத்தாலும் அதில் பழம் வராது. வெட்டுவதற்குப் பதில், தண்டைத் தாழ்த்தி, துளிர்த்த போத்துகளில் ஆர்191 எனப்படும் அனாக் செக்கோலா வகையின் மொட்டை ஒட்டியிருக்கிறார்கள். வேர் பழையது, வலுவானது. புதுக்கன்றைவிட விரைவில் பலன் தரும் என எதிர்பார்க்கிறேன்.

மரவள்ளி வரிசையில் ஒரு முனையிலிருந்து செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாடி வந்தன. சப்பானியர் காலத்தில் தோட்ட மக்களைப் பிழைக்க வைத்த கிழங்கு என்பதால் அம்மையார் அதை விட மனமின்றி நீரை அதிகப்படுத்தி வந்திருந்தார். வாடிய செடியைத் தோண்டியபோது வேரின் மேல் வெள்ளை நூல்கள் தட்டையாக, கிளைத்துக் கிளைத்து ஒட்டி ஊர்ந்திருந்தன. சற்றுத் தள்ளி, மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய ரப்பர்த் தூரில் ஆரஞ்சு நிற அடுக்குக் காளான் தட்டுகள் இருந்தன. ரப்பரின் வெள்ளைவேர் நோய் இது. ரிகிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்னும் பூசணம் இறந்த தூரில் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்ந்து, வேர் தொடும் அடுத்த செடிக்குப் பரவும். மரவள்ளி அதற்கு எளிதில் இரையாகிறது. ரப்பர் நின்ற நிலத்தில் வீடு வாங்கியவர்கள் அனைவரும் அறிய வேண்டியது, செடி வாடினால் முதலில் வேரைப் பார்க்க வேண்டும் என்பதே. தூரையும் தொடர்ந்த வேர்களையும் தோண்டி அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் மரவள்ளியும் மரக்கன்றும் நடாமல், இப்போதைக்குக் கீரையும் மக்காச்சோளமும் பயிரிடுகிறார்கள். நல்ல மரவள்ளிக் குச்சிகள் நிலத்தின் மறுகோடிக்குப் போயின.

இன்னும் பென்சிலில் இருப்பது

எண் தகடு கட்டிய எல்லாவற்றிலும் ஒரு மரம் மட்டும் உறுதியாகவில்லை. கிணற்றடி நிழலில், தோள் உயரத்தில், எதிரெதிர் அமைந்த தடித்த பளபளப்பான இலைகளுடன் நிற்கிறது. இலைக்காம்பை ஒடித்தால் மஞ்சள் பால் மெதுவாகக் கசிகிறது. மங்குஸ்தீன் குடும்பம் என்பதற்கு இவை போதும். மங்குஸ்தீனேதானா, அசாம் கெலுகோரா, வேறொன்றா என்பதை இலை மட்டும் வைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. பாட்டிக்கும் அதை நட்ட நினைவில்லை.

மங்குஸ்தீன் என்று கொண்டாலும் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகக்கூடும். அதன் வேர் ஆழம் போகாது, நுண்வேர் குறைவு, கிளறினால் தாங்காது. ஆகவே அடியில் சங்குல் போடுவதைத் தடுத்து, செம்பனைக் குலையிலிருந்து பழங்களை உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலையைத் தண்டைத் தொடாமல் வட்டமாகப் பரப்பி, வறட்சி மாதங்களில் மட்டும் நீர் விட்டு, மேலே நிழல் தரும் கிளைகளைக் கழிக்காமல் வைத்திருக்கிறார்கள். இந்தப் பராமரிப்பு அக்குடும்பத்தின் எந்த இனத்துக்கும் கேடு செய்யாது. இலையும் கிளைநுனியும் செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்று தேதியுடன் பத்திரமாக இருக்கிறது. பூ வந்ததும் அதையும் சேர்த்துக் கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் காட்டுவதாக இருக்கிறோம். அதன் பிறகே அந்தப் பக்கத்தில் மையால் பெயர் எழுதப்படும்.